பாவாயி தோட்டத்துச் சுடுதண்ணீர்

1983, சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை. காலை ஆறேகாலுக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். பையில் ஆறு கண்ணாடிக் குப்பிகள், ஒரு வெப்பமானி, நோட்டு. நிலநடுக்கம் வருமுன் ஆழத்து வெந்நீரில் உப்பும் சூடும் மாறும் என்ற நம்பிக்கையில் எங்கள் ஆய்வகம் பரமத்திப் பக்கம் ஒரு போர்க்கிணற்றைக் கவனித்து வந்தது. வாரம் ஒருமுறை நீர் எடுத்து வருவது என் வேலை.

ராசிபுரத்தில் நெய் டின்னோடு ஏறியவர் குப்பிகளைப் பார்த்தார்.

"மருந்துங்களா?"

"தண்ணீர் எடுக்க."

"இந்த வறட்சியில தண்ணிக்கு எங்கீங்க போவீங்க?"

எட்டு மணிக்கு நாமக்கல். பஸ் மாறி, ஒன்பதுக்குப் பரமத்தி. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலம்.

அந்தப் போர்க்கிணற்றுக்குச் சொந்தக்காரி பாவாயி. கணவரை இழந்தவர், ஒரு ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. கிணற்றுச் சுடுதண்ணீரைத் தொட்டியில் ஆறவிட்டுக் கொடிகளுக்குப் பாய்ச்சுவார். மூன்று மாதமாக அவர் கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. இது நாங்கள் காத்திருந்த அறிகுறி என்று ஆய்வகத்தில் மகிழ்ந்தோம். ஊர் பயந்துவிடும், வெளியே மூச்சுவிடாதே என்றார் மேலதிகாரி. அந்த நாட்களில்தான் பாவாயி கேட்டார்: "எலை பழுக்குதுங்க. தண்ணியில ஏதாச்சும் இருக்குங்களா?" வெயில்தான் காரணம் என்றேன்.

இன்று அகத்தி மரங்கள் மட்டும் நின்றன. போன வாரம் பழுத்த இலைகளோடு அவற்றைப் பற்றியிருந்த கொடிகள் கருகித் தொங்கின.

"வாங்க சாமி," என்றார் பாவாயி. "பூராப் போச்சுங்க. மேக்கால பக்கத்துத் தோட்டத்துல மூணு போரு போட்டு உறிஞ்சுறாங்க. நல்ல தண்ணி எறங்கி, அடியில இருக்கற உப்புத் தண்ணி ஏறுதாமுங்க. சுடுதண்ணின்னு நாங்க வாயில வெக்கறதில்லீங்க, நேத்து வந்த விவசாய ஆபீசர்தான் ஊத்திப் பாத்துச் சொன்னாரு."

நோட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"உங்க நோட்டுல இது இருந்துச்சுங்களா?"

"இருந்தது."

"எப்பத்துல இருந்துங்க?"

"தை மாசத்திலிருந்து."

அவர் கத்தவில்லை. "தையில சொல்லியிருந்தா இந்தத் தண்ணி கட்டறத நிறுத்திட்டு வேற தண்ணிக்கு வழி பாத்திருப்பனுங்களே," என்று மட்டும் சொன்னார். பிறகு, வழக்கம்போல, மோட்டாரைப் போடப் போனார். வேண்டாம் என்றேன்.

காலிக் குப்பிகளோடு திரும்பினேன். அந்த மூன்று மாதத்தில் நிலம் நடுங்கவே இல்லை. மாலை சேலத்தில் வீட்டுக் குழாயைத் திறந்தேன். மேட்டூர்த் தண்ணீர் வந்தது. ஒரு வாய் குடித்தேன். இனித்தது. குழாயை மூடினேன்.