டிரைவர் மேல் போட்ட பழி

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் கூட்டுரோட்டில் லாரி மெக்கானிக்காக இருந்தேன். பெரிய கம்பெனியெல்லாம் அப்போது ஏது? செங்கல் லாரிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் வல்லக்கோட்டை ரோட்டில் லோடோடு ஒரு லாரி படுத்துவிட்டது. கட்டி இழுத்துவந்து ஷெட்டில் விட்டார்கள். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்குமே டிஃபரன்ஷியல், அதற்குள் பல் உடைந்து கடகடவென்றது. குனிந்து பார்த்துவிட்டு லாரி முதலாளியிடம் அடித்துச் சொன்னேன். “லோடோட கிளட்ச்ச பட்டுனு வுட்டுருக்கான். அதான் பல்லு பூடுச்சி.”

“நேர் ரோட்லதாண்ணே போய்கினு இருந்தேன். ஒண்ணும் பண்ணல” என்றார் டிரைவர்.

“எல்லாரும் இதத்தான்யா சொல்றீங்க!”

முதலாளி அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் பிரித்தேன். கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் உடைய வேண்டிய பெரிய பல்சக்கரம் முழுசாக இருந்தது. உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள்தான் சூட்டில் நீலம் பாரித்து, தேய்ந்து நொறுங்கிக் கிடந்தன. வண்டி வளையும்போது ஒரு பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற வேண்டும், அதற்குத்தான் அவை. நேர் ரோட்டில் சும்மா இருக்கும். பிறகு எப்படி இந்தத் தேய்மானம்? எழுந்து டயரைப் பார்த்தேன். அடப்பாவி! இடது பக்கம் இரண்டும் புத்தம்புதிது, வலது பக்கம் இரண்டும் மொட்டை. தேய்ந்த டயர் சின்னது, கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். நேர் ரோட்டில்கூட அந்தப் பற்களுக்கு ஓய்வே கிடையாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொன்னவர் முதலாளி.

அவரிடமே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் முனகினார். “சரி, அவன வரச் சொல்லு” என்றார்.

பிள்ளைப்பாக்கத்துக்கு சைக்கிளை மிதித்தேன். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் கண்கலங்கிவிட்டார்.

“வேல கெடக்கட்டும்ணே. இத எம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. மெக்கானிக்கே உம் மேலதான் தப்புன்னு சொல்லிட்டாரு, நீ குடிச்சிட்டுதான் ஓட்டிருப்பேன்னு நேத்துலேர்ந்து அழுதுகினு கீறா. சோறு துன்னல.”

அந்தம்மா வாசலுக்கு வந்தார். டயர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்த தலையோடு கேட்டவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பிரிச்சிப் பாக்காமயே எப்டிண்ணா சொன்ன?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் வெட்கத்தில் உடம்பு கூசியது.