சொட்டு அக்காவும் சுத்தமான தகடும்

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு..." கண்ணாடிக் குழாயில் மருந்து சொட்டுவதை எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். "இருப்பா, உயிரா போகுது?" என்பார். நிலையத்தில் அவருக்குச் சொட்டு அக்கா என்றே பெயர்.

பூமிக்கடியிலிருந்து கொதிநீரை இழுத்து மின்சாரம் எடுக்கும் இடம் அது. அந்த நீரில் கரைந்து வருவதெல்லாம் குழாய்க்குள் கல்லாய்ப் படியும். படியாமலிருக்க மருந்து விடுவது அக்காவின் வேலை. மருந்தோ யானை விலை, குதிரை விலை. சிக்கனம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. கணவருக்கு இருமல் மருந்து ஊற்றினாலும் மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். "என்னையும் குழாய்னு நினைச்சுட்டா" என்று அந்த மனிதர் புலம்புவார்.

குழாய்க்குள் ஒரு சின்ன இரும்புத் தகடு தொங்கும். வாராவாரம் அதை எடுத்துத் தடவிப் பார்த்து, படிவு இல்லையென்றால் மருந்தைக் குறைப்பார். "பாத்தீங்களா, கண்ணாடி மாதிரி இருக்கு! இத்தனை நாள் சும்மா கொட்டியிருக்கோம்." பதினோரு வாரத்தில் மருந்து பாதியானது. தலைமைப் பொறியாளர் கூட்டத்தில் பாராட்டினார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம், மின்சாரம் எடுத்தபின் ஆறி, கடைசிக் குழாய் வழியே திரும்பப் பூமிக்குள் இறங்கவேண்டிய தண்ணீர் இறங்காமல் முட்டிக்கொண்டது. நிலையத்தை நிறுத்திக் கடைசிக் குழாயைக் கழற்றினார்கள். ஐயையோ! ஆள் தலை நுழையும் குழாயில் கைமுஷ்டிகூட நுழையவில்லை. உள்ளே முழுக்கச் சாம்பல் நிறக் கல். அக்கா பேயறைந்தது போல நின்றார்.

"சூடா இருக்கிறவரைக்கும் தண்ணி எதையும் விடாதுப்பா, ஆறினாத்தான் கல்லாகும்." புதிதாய் வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவர் அவரேதான்! மூன்று மாதத்துக்கு முன், கடைசிக் குழாயில் தகடு தொங்கிய கொக்கி ஒடிந்தபோது, "ரெண்டு நாளைக்குத்தானே" என்று தகட்டைக் கொதிநீர் நுழையும் முனையில் மாட்டி, அப்படியே மறந்துபோனதும் அவரேதான். அங்கே எப்படிப் படியும்? இருபது வருஷ அனுபவம் எங்கே மேயப் போயிருந்தது?

"மருந்துல கலப்படம்" என்றார் தலைமைப் பொறியாளர். மருந்து கொடுப்பவரை வரவழைத்தார்கள். ஒற்றை ஆளாய்த் தொழில் நடத்துகிறவர். இந்த நிலையம் போனால் அவருக்கு வேறு பிழைப்பில்லை. "அதே மருந்துதான் சார், என் பிள்ளைங்க மேல சத்தியமா" என்று கும்பிட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. அக்காவை யாரும் சந்தேகப்படவும் இல்லை. பேசாமல் இருந்தால் போதும், பாராட்டும் வேலையும் தங்கிவிடும்.

மருந்துக்காரர் மேல் குற்றச்சாட்டுக் கடிதம் தயாராகி அக்காவின் மேசைக்கு வந்தது.

"சாட்சியா நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்றார் தலைமைப் பொறியாளர்.

அக்கா பேனாவை வாங்கினார். கடிதத்தில் மருந்துக்காரரின் பெயர் இருந்த இடத்தை அழுத்தி அடித்துவிட்டு, அதற்கு மேலே தன் பெயரை எழுதினார்.