நாற்றம் தெரியாதவருக்கு ஒரு வேன்

லிஃப்டின் கதவு திறந்ததும், வெளியே நின்ற குழாய்க்காரரைப் பார்த்து உள்ளே நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி தன் குழந்தையின் முகத்தைப் பிடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். இன்னொருவர் கைக்குட்டையை எடுத்தார். அவர்கள் வீட்டுக் கழிவுக்குழாயில் சிக்கியிருந்த முடியையும், எண்ணெய்க் கசடையும், சொல்லக் கூசும் மற்றதையும் வெறும் கையால் இழுத்துப் போட்டுவிட்டு வந்த மனிதர் அவர். தங்களிடமிருந்து போனதற்கே முகம் சுளிக்கிற ஜனங்கள்! என்ன பிறவிகளோ!

"நீங்க போங்க, நாங்க படியிலேயே இறங்கிக்கிறோம்" என்றார் அவர். பக்கத்தில் டார்ச்சோடு நின்ற அவர் மனைவி பின்னாலேயே இறங்கினாள். படியில் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கைக்குட்டைக்காரர் வீட்டுக் குழாய்தாங்க ரொம்ப மோசம்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் சொன்னாள்.

அந்தப் பகுதியில் அவருக்குப் பெயரே 'அடைப்பு' என்றாகிவிட்டது. "அடைப்பு வந்தாச்சா?", "அடைப்புக்கு ஒரு போன் போடு." குழந்தைகள்கூட அடைப்பு மாமா என்றுதான் கூப்பிட்டன. ஆனால் இந்த அடைப்பு மாமாவின் வாழ்க்கையில் ஒரு ரகசியம் இருந்தது. அது வெளியே தெரிந்தால் அன்றோடு பிழைப்பு போயிற்று.

அவருக்கு மூக்கு வேலை செய்யாது.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கழிவுத் தொட்டியில் இறங்கி, உள்ளே தேங்கியிருந்த விஷக்காற்றில் மயங்கி விழுந்தார். பிழைத்து எழுந்தவருக்கு எல்லாம் திரும்பி வந்தது, வாசனை மட்டும் வரவில்லை. ஊருக்கே நாறினாலும் அவருக்குத் தெரியாது. "அதுவும் நல்லதுதானே" என்று நினைப்பீர்கள். இல்லை. எங்கோ நாறுகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றுதான் பாதிப் பேர் குழாய்க்காரரைக் கூப்பிடுகிறார்கள். கசியும் இடத்தை மோந்து கண்டுபிடிக்க முடியாதவரை யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

அதனால் அவருடைய மூக்காக அவள் வந்தாள். டார்ச் பிடிக்க வருகிறாள் என்று ஊர் நினைத்தது. அவள் சுவரோரமாக நடப்பாள், கண்ணை மூடிக் குட்டிக்குட்டியாக மூச்சை இழுப்பாள். டார்ச்சை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினால், இங்கேதான். காதுத் தோட்டைத் திருகினால், இங்கே இல்லை, சுத்தம். அவர் அந்த இடத்தில் உளியை வைப்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அவர் தலையை ஆட்டி, "எனக்கு அப்பவே வாசம் அடிச்சது" என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லும்போது, அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். கணவன் மனைவி என்றால் ஒரு சிலருக்குக் கட்டிலும் பிள்ளைகளும்தான். இவர்களுக்கு அந்தத் தோடும் இருந்தது.

அவர்களுடைய பழைய வேன் ஒரு மழை நாளில் நடுச்சாலையில் நின்றுபோனது. இன்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக், "இதுக்கு இனி மருந்து கிடையாது" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: புது வேனா, பழைய வேனா?

முதலில் புது வேன் பார்க்கப் போனார், தனியாக. குளித்து, சலவைச் சட்டை போட்டு, செருப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போனார். கண்ணாடி ஷோரூம். விற்பனைக்காரன் தேன் ஒழுகப் பேசினான்.

"சார் என்ன தொழில் பண்றீங்க?"

"குழாய் வேலை. சாக்கடை அடைப்பு எடுக்கிறது."

அவ்வளவுதான். ஒழுகின தேன் உறைந்தது. அவர் வேனில் ஏறுவதற்கு முன்னால் அவன் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து சீட்டின் மேல் போட்டான். அவர் இறங்கினதும் அதை விரல் நுனியால் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டான். அதற்குப் பிறகு வாசனைத் திரவத்தை வேறு அடித்தான்.

"நான் குளிச்சிட்டுத்தான்டி போனேன்" என்றார் வீட்டுக்கு வந்து. "காசையும் கொடுத்து இதையும் வாங்கிக்கணுமா? எனக்குப் பழசே போதும். அலமாரி எல்லாம் அடிச்சே வரும். கீறல் விழுந்தாலும் மனசு வலிக்காது. நம்ம மாப்ளகிட்டயே பார்க்கலாம்."

மாப்ள என்றது அவள் தம்பியை. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கிடங்கு வைத்திருந்தான். பெற்றவர்கள் போனபின் அவனைத் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவள் அவள். தன் தட்டில் இருந்ததை அவன் தட்டில் தள்ளிவிட்டு வளர்த்தவள். கிடங்கில் கொஞ்ச நாளாக வியாபாரம் படுத்திருந்தது. அவர் அப்படிச் சொன்னதும் அவள் முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது.

விஷயம் தெரிந்த அவர் நண்பர் பெயிண்டர்கூட, "சரியான முடிவுய்யா. புது வேன்ல உன் சாக்கடைக் கம்பிய ஏத்துறது, மெத்தையில பன்னியப் படுக்க வெச்ச மாதிரி" என்றார்.

கிடங்கில் அந்த வேன் பளபளவென்று நின்றது. வெள்ளை நிறம். பின்பக்கம் முழுக்கப் புது ரப்பர் விரிப்பு. இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி.

"பேக்கரி வண்டி மாமா!" என்றான் மச்சினன். "ரொட்டியத் தவிர வேற ஒண்ணும் ஏத்தினதில்ல. உங்களுக்காகவே யாருக்கும் காட்டாம வெச்சிருந்தேன்."

அவர் கீழே படுத்துத் துரு பார்த்தார். டயரைப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அப்போ முடிச்சிடலாமா மாமா?"

"உங்க அக்கா ஒரு தடவ ஏறிப் பார்க்கட்டும்."

"அக்கா எதுக்கு? அதுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

"நாள் முழுக்க என்கூட உட்காரப் போறவ அவதானே?"

ஓரமாக நின்றவள் வந்து, பின்பக்கம் ஏறினாள். அவர் கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறின மறுகணமே அவள் தோட்டைத் திருகினாள். சுத்தம்.

மச்சினன் சிரித்தான். "பாத்தீங்களா!"

ஆனால் அவருக்கு நெஞ்சில் ஏதோ இடித்தது. அவள் கண்ணை மூடவில்லை. குட்டி மூச்சு இழுக்கவில்லை. மோந்து பார்க்காமலே தோட்டைத் திருகிவிட்டாள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணின் ஓரத்தில் நீர் தளும்பி நின்றது.

அப்போதுதான் அவர் ஈக்களைக் கவனித்தார். ரப்பர் விரிப்பு சுவரோடு சேருகிற மூலையில் மட்டும் கூட்டமாக மொய்த்தன. விரட்டினால் எழுந்து, அதே மூலையில் போய் உட்கார்ந்தன. இத்தனை வருடம் சாக்கடையோடு வாழ்ந்தவருக்கு ஈ எதற்கு ஓரிடத்தை விட்டுப் போகாது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பேசாமல் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"ஐயோ மாமா, விரிப்பக் கிளப்பாதீங்க, பசை போட்டு ஒட்டினது!"

அவர் கிளப்பினார். அடியில் புதுப் பலகை. திருகாணிகளைக் கழற்றி அதையும் தூக்கினார்.

அடியிலே, தகரத்தின் பள்ளங்களில், கறுப்பாகக் கூழ் உறைந்து கிடந்தது. அதில் இறகுகள் ஒட்டியிருந்தன. ஒரு கோழிக்கால், விரல்கள் மடங்கியபடி. கூழின் மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் தெரிந்தது, அசைந்தது கூழ் அல்ல, புழு. பேக்கரி வண்டியாம்! கோழிக் கழிவைக் கொண்டுபோய்க் கொட்டுகிற வண்டி. கழுவக்கூடச் சோம்பல்பட்டு, மேலே பலகையை அடித்து, பசையைத் தடவி, வாசனையைத் தெளித்து, கூடப் பிறந்தவளின் குடும்பத்தில் தள்ளிவிடப் பார்த்திருக்கிறான். தூ!

அவள் குதித்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

மச்சினன் கொஞ்சமும் அசரவில்லை. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம்தான் அவனுக்கு வந்தது. "இப்ப என்ன ஆயிடுச்சு? உங்களுக்குத்தான் மூக்கு செத்துப்போச்சே மாமா! உங்களுக்கு ரொட்டியும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான்."

அவர் அவனைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த ரகசியம் அது.

"ஏங்க..." அவள் குரல் உடைந்தது. "ஒரு நாள் பேச்சுவாக்குல... தம்பிதானேன்னு..."

"எனக்கு மூக்கு இல்ல, சரி" என்றார் அவர் மச்சினனிடம். குரல் உயரவில்லை. "உங்க அக்காவுக்கு இருக்குதேப்பா. இதுல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அவ எப்படி உட்காருவா?"

"அவளுக்கு என்ன? உங்களோடயே குடும்பம் நடத்துறா. இது பழகாதா?"

ஈக்கள் திறந்த தகரத்தில் மறுபடி போய் உட்கார்ந்தன.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தம்பியின் முன்னால் வந்து நின்றாள். அவன் குழந்தையாக இருந்தபோது எத்தனை முறை அவன் அழுக்கைக் கழுவிய கைகள் அவை! அந்தக் கைகளை அவள் ஓங்கவில்லை. அவன் காலடியில் காறித் துப்பினாள்.

"அக்கா..."

"அந்த வார்த்தையச் சொல்லாத. உன் வாய்ல இருந்து வந்தா அதுவும் நாறுது."

இரண்டு பேரும் வெயிலில் நடந்தே வீடு திரும்பினார்கள். வழியில் அவள் நான்கைந்து தடவை பேச வாயெடுத்தாள். கடைசியில் தெருமுனையில் நின்றுவிட்டாள்.

"ஏறும்போதே தெரிஞ்சதுங்க. கதவு திறந்தப்பவே தெரிஞ்சது. அவன் முகத்தப் பார்த்தேன். பாவம், இந்த ஒரு வண்டி போனா கிடங்கு நிமிர்ந்துடும்னு... நான் பொறுத்துக்கலாம்னு நெனச்சேன்."

"நீ பொறுத்துப்ப" என்றார் அவர். "நம்ம வண்டி வாசல்ல வந்து நிக்கிற வீட்டுக்காரன்லாம் பொறுத்துப்பானா? 'அடைப்பு தன் வண்டியிலயே புழு வளர்க்கிறான், அவனுக்கே தெரியல'ன்னு சொல்லமாட்டானா? என் மூக்கு போனது அன்னிக்கே ஊருக்குத் தெரிஞ்சு போயிருக்கும்."

தேம்பிக்கொண்டே பின்னால் நடந்தாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்து ஷோரூமுக்குப் போனார்கள். அதே விற்பனைக்காரன். அதே பிளாஸ்டிக் விரிப்பு. அவன் அதை விரிக்க வந்தபோது அவள் அவன் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத நீங்களே வெச்சுக்கோங்க தம்பி. நாங்க வாங்க வந்திருக்கோம், சீட்டுலதான் உட்காருவோம்."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அவள் வேனின் பின்பக்கம் ஏறினாள். இந்தத் தடவை கண்ணை மூடினாள். மூலை மூலையாக நடந்தாள். குட்டிக்குட்டியாக மூச்சு இழுத்தாள், அவருக்குக் கேட்கும்படி. எல்லாம் முடிந்த பிறகு கதவருகே வந்து, அவரைப் பார்த்துத் தோட்டைத் திருகினாள். சுத்தம்.

வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அவர் தலையை ஆட்டுவார், "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்.

அவர் தலையை ஆட்டவில்லை. அவள் கண்ணைப் பார்த்தார். கண்ணின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு வேனுக்குள் ஏறி, மண்டியிட்டு, தரையை விரல் முட்டியால் தட்டினார். ஒரு மூலை. அடுத்த மூலை. ஓரத்து ரப்பரை நகத்தால் கிளப்பி அடியில் பார்த்தார்.

"சார், இது புதுசு சார்!" என்றான் விற்பனைக்காரன், எரிச்சலை மறைக்காமல். "ஃபாக்டரியில இருந்து நேரா வந்தது. இதுல என்ன இருக்கப்போகுது?"

அவருக்கும் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் தோட்டிலிருந்து கையை எடுத்தாள். எதைத் தேடுகிறார் என்று அந்தக் கடையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் பக்கத்தில் அவளும் மண்டியிட்டாள். டார்ச்சை எடுத்து, அவர் தட்டுகிற இடத்துக்கு வெளிச்சம் காட்டினாள்.

"தட்டிப் பாருங்க" என்றாள், கண்ணீர் அந்தப் புதுத் தரையில் விழ. "நல்லாத் தட்டிப் பாருங்க. நான் பிடிச்சிருக்கேன்."