பிந்தித் தொடங்கிய பிரபஞ்சம்

“குறைஞ்ச திரளெல்லாம் திரும்பி வந்துட்டுப்பா. இந்த ஞாயிறு வாறேன்.” மலையாளக் கணக்கில் கன்னி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை மழையில் மகள் அனுப்பிய செய்தி. ஊர் வரலாறு எழுதுகிற பழக்கத்தில், நாட்குறிப்பில் அப்படியே எடுத்தெழுதினேன்.

கழக்கூட்டத்தில் அறை எடுத்துத் தங்கி வானியல் ஆராய்ச்சி செய்கிறாள். பிரபஞ்சத்தின் ஆரம்பக்காலத்தை, ஏறக்குறைய சமமாகப் பரவிய துகள்களாகக் கணினியில் வைத்து, ஈர்ப்பு விசையை ஓடவிட்டு, முதல் சிறு திரள்கள் எப்போது உருவாகின்றன என்று பார்ப்பது அவள் வேலை. மற்றவர்கள் சொன்னதைவிடக் குறைவாகத்தான் உருவாகின்றன என்பது அவள் கண்டது. ஆய்வேடே அதன்மேல்தான் நின்றது.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். புதிதாக வருபவர், கணக்கை எந்தக் காலத்திலிருந்து தொடங்குவது என்று குறித்த கணினிக் கோப்பைப் போகிறவரிடமிருந்து வாங்கிக்கொள்வார். ஓடுகிற ஒன்றை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கோப்பு தந்துபோனவர் ஆராய்ந்தது இன்றுள்ள பெரிய விண்மீன்மண்டலக் கூட்டங்களை. அதற்குக் கணக்கைப் பிந்தித் தொடங்கினாலும் பாதகமில்லை. துகள்களைத் தோராயமாக அடுக்கியதில் வந்த, திரள்களைக் குறைத்துக்காட்டும் பிழை ஓட ஓடக் கரைந்துவிடும். இவளுடைய திரள்களோ ஆரம்பத்திலேயே வருபவை. பிழை கரைய அவகாசமில்லை. அவள் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் கேட்டதற்காக, சிறிய கணக்கொன்றை இன்னும் முந்தைய காலத்திலிருந்து ஓட்டினாள். குறைவு ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஞாயிறு வந்தவள் நனைந்த குடையை மடக்காமலே உட்கார்ந்தாள்.

“பெரிய கணக்கையும் முந்தியே தொடங்கி ஓட்டலாம், அல்லே?” என்று கேட்டேன்.

“எதுல ஓட்ட? மெஷின்ல எனக்குள்ள நேரம் தீந்துட்டு. இனி அடுத்த வருஷம்தான். என் உதவித்தொகை அதுக்கு முந்தியே, தனு மாசத்தோட நிக்கும்.”

“கோப்பு தந்த அண்ணன் ஒண்ணும் சொல்லலியா மக்ளே?”

“அவருக்கு முந்தி இருந்த ஒரு சேச்சி குடுத்ததாம். ‘சாரமில்ல, விடு, ஐ.டி. கம்பெனிக்கு வா’ன்னு சிரிக்காரு.” குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள்: “நீங்க ஒரு குளம் வெட்டுன வருஷத்துக்கு மூணு ஆதாரம் கேப்பீங்க. நான் பிரபஞ்சத்துக்கு ஒண்ணுகூட கேக்கலப்பா.”



அடுத்து வந்த துலாம் மாதத்தில், அந்தக் குறைவைச் சொன்ன அத்தியாயத்தை எடுத்துவிட்டாள். மிஞ்சியது ஆய்வேடாக நிற்காது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். இப்போது அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள்.

அவள் கண்ட குறைவு முழுக்கப் பிந்திய தொடக்கத்தால் வந்ததா, அதில் கொஞ்சமாவது உண்மையா என்று அந்தச் சிறிய கணக்கால் சொல்ல முடியாது. அபூர்வமான திரள்கள் அதற்குள் மிகச் சிலவே அகப்படும். பெரிய கணக்கை யாரும் திரும்ப ஓட்டவில்லை. இதை எழுதும் நாள்வரை அது சரிபார்க்கப்படவில்லை.