மேட்டில் மட்டும் மிஸ்ஸிங்

இக்னிஷன் காயில் ஒயரைத் தொட்டு ஷாக் வாங்காத ஆட்டோ எலக்ட்ரீசியன் கிடையாது. நானும் நிறைய வாங்கியிருக்கிறேன். உதறிவிட்டு அடுத்த ஒயரைப் பிடிப்போம், அவ்வளவுதான். ஆனால் எந்த ஒயரும் கையில் படாமல் எனக்கு ஷாக் அடித்தது போடிமெட்டு மலைச்சாலையில், ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

சோபா வண்டி

எண்பதுகளின் தொடக்கம். போடியில் என் எலக்ட்ரிக்கல் பட்டறை ஓரளவு பேர் எடுத்திருந்த சமயம். ராசிங்காபுரம் பெருமாள்சாமி ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பரம்பரையாக விவசாயம் பார்க்கிற குடும்பம். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டமும் வாங்கியிருந்தார். அதுவரை எங்கள் ஊரில் மலைக்குப் போகிற வண்டி என்றால் ஜீப்புதான். இவர் கொண்டுவந்தது வெளிநாட்டு வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், தோல் சீட்டு, தேக்கு போலப் பளபளக்கும் டேஷ்போர்டு. வெள்ளைப் பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். கொச்சிப் பக்கம் ஒரு தரகரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தார்.

"உள்ள உக்காந்து பாருப்பா. சோபா மாதிரி இருக்கும்" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். சோபாதான்.

"என்ன கம்ப்ளைண்ட்?"

டிரைவர் மாயாண்டி சொன்னார்: "மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே. ஆனா எப்ப அடிக்கும்னு சொல்ல முடியல. கீழ எங்கிட்டு ஓட்டினாலும் தேனாட்டம் ஓடுது. மெட்டு ஏறுறப்ப திடீர்னு குலுக்கி இருமுது. ரெண்டு வளைவு தாண்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி போகுது."

எனக்கு முன்னால் மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். பிளக் புதுசு, பாயிண்ட் செட் புதுசு, கண்டென்சர் புதுசு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியாயிற்று. நானும் என் பங்குக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். காயிலைச் சூடு பண்ணிச் சோதித்தேன். ஸ்பார்க் நீலமாக, நல்ல சத்தத்தோடு அடித்தது. மாயாண்டியைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்து முந்தல் தாண்டிக் கொஞ்சம் ஏறிப் பார்த்தேன். வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

விட்டு விட்டு வருகிற கம்ப்ளைண்ட் இப்படித்தான். நம்மிடம் வரும்போது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

"மொதலாளி, நீங்க தோட்டத்துக்குப் போறப்ப என்ன ஏத்திட்டுப் போறீங்களோ, யாரு யாரு போறீங்களோ, அப்படியே போவோம். நானும் வர்றேன்" என்றேன். காலி வண்டிக்கு வராத நோய் லோடு வண்டிக்கு வரலாம் என்ற ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அதைத் தவிர என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

வளைவில்

ஏலக்காய் எடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வேலையாட்களுக்கு அரிசி மூட்டைகளைப் பின்னால் அடுக்கினார்கள். பெருமாள்சாமியின் மனைவி பேச்சியம்மாள் பாத்திரம் பண்டங்களோடு பின் சீட்டில் ஏறினார். தோட்டத்தில் ஆட்களுக்குச் சமையல் அவர் பொறுப்பு. கணவர் அவர் பக்கத்தில், நான் முன்னால் மாயாண்டி பக்கத்தில்.

பாதி மலை ஏறியதும் மேகம் இறங்கிவிட்டது. பகலிலேயே லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார் மாயாண்டி. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்து ஏற்றும்போது வந்தது. முதலில் ஒரு உதறல். பிறகு இருமல். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க மூச்சுத் திணறுகிற ஆளைப் போல எஞ்சின் அடங்கி, நின்றே போனது.

எஞ்சின் ஓடினால்தான் அந்த வண்டியில் லேசாக மிதித்தாலும் பிரேக் பிடிக்கும். நின்றுவிட்டால் பெடல் கல்லாகிவிடும். வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்தது. மாயாண்டி சீட்டிலிருந்து எழுந்து இரண்டு காலாலும் பெடலில் ஏறி நின்றார். பின்னால் பள்ளம். பேச்சியம்மாள் "ஆத்தா!" என்று கத்தியது மட்டும் கேட்டது. நான் கதவைத் திறந்து குதித்து, கையில் கிடைத்த கல்லைப் பின் டயருக்குக் கொடுத்தேன். வண்டி நின்றது.

எங்களுக்குப் பின்னால் ஒரு ஜீப்பு தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. அதன் டிரைவர் வர்கீஸ், மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர், இறங்கி ஓடிவந்தார்.

"சேட்டா, நிங்கட பின் லைட்டு ரெண்டும் கெட்டுக் கெட்டு எரியுது. வளைவு வர்றப்ப மங்கிப் போகுது, நேரே போனா நல்லா எரியுது. ஞான் குறே நேரமாப் பார்த்துட்டு வர்றேன்."

எனக்குப் பொறி தட்டியது. அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் எஞ்சினில் இல்லை. பின்னால், டேங்குக்குப் பக்கத்தில் சேஸிஸில் பொருத்திய கரன்ட் பம்ப். பின் லைட்டுக்கும் அந்தப் பம்புக்கும் வேறு வேறு ஒயர்; ஆனால் இரண்டுக்கும் எர்த், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழி, ஒன்றுதான். வண்டியின் இரும்புச் சேஸிஸ்தான் எர்த். லைட்டும் மங்கி பம்பும் நிற்கிறது என்றால் கோளாறு எர்த்தில். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, அதற்குப் பெட்ரோல் வரவில்லை.

டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பம்புக்கு வருகிற ஒயரில் வைத்து, மறுமுனையைப் பின் சேஸிஸில் தொட்டேன். மினுக்கென்றுதான் எரிந்தது. முன்னால் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நீளமாக ஒரு ஒயர் இழுத்துவந்து அதில் தொட்டேன். பளிச்சென்று எரிந்தது. அந்த ஒயரையே பம்பின் உடம்பில் சுற்றியதும் டக் டக் டக் என்று பம்ப் அடிக்க ஆரம்பித்தது. மாயாண்டி சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஒரு மிஸ்ஸிங் இல்லை.

பெருமாள்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்புட்டுத்தானா! ஒரு ஒயரா? வெரசா அதை இறுக்கிக் கட்டுப்பா, போவோம். மேல சோலி கெடக்கு."

கட்டியிருந்தால் வண்டி போயிருக்கும். அதுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. நான் அந்த ஒயரை நிரந்தரமாக முறுக்கி டேப் சுற்றியிருந்தால், அதற்குப் பிறகு ஒரு நாளும் மிஸ்ஸிங் வந்திருக்காது.

அப்போது பேச்சியம்மாள் இறங்கி நின்று பின் கதவைச் சாத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இதையும் என்னான்னு பாரேன். இந்தக் கதவு வீட்ல நல்லா சாத்துது. மேட்டுல ஏறிட்டா சாத்த மாட்டேங்குது. வாங்கினதுலேர்ந்து சொல்றேன், இவரு காதுல போட்டுக்கல."

"கதவுக்கும் ஒயருக்கும் என்னா சம்பந்தம்?" என்றார் கணவர்.

நான் அந்தக் கதவையே பார்த்தேன். மேலே இடைவெளி விரல் நுழைகிற அளவு; கீழே இடித்துக்கொண்டு நிற்கிறது. கதவு சட்டத்துக்குள் கோணிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே இரும்பாக ஓடுகிற சேஸிஸில் நடுவில் எப்படி எர்த் அறுபடும்? இந்தக் கேள்வி எனக்கு அப்போதுதான் வந்தது. டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

அடியில்

அடிப்பாகம் முழுக்கக் கறுப்புத் தார் பூசியிருந்தது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது வழக்கம் என்பதால் யாரும் சந்தேகப்பட்டதில்லை. நடுப்பகுதியில், சரியாகப் பின் சீட்டுக்குக் கீழே, இடதுபக்கச் சேஸிஸ் சட்டத்தில் தார் வெடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். தாருக்குள் பள்ளத்தை மறைக்கப் பூசுகிற பட்டி. பட்டிக்குள் வெல்டிங். வெல்டிங் நெடுகப் பிளந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் முனை அந்தப் பிளவுக்குள் தடையில்லாமல் போனது.

வலதுபக்கமும் அதே இடத்தில் வெல்டிங். அங்கே மூலையில் கொஞ்சம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. பிளவுக்கு முன்னால் இருந்த சட்டமும் பின்னால் இருந்த சட்டமும் ஒரே அகலம்கூட இல்லை. இது ஒரு வண்டியே இல்லை. எங்கோ நொறுங்கிய இரண்டு வண்டிகளில் ஒன்றின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்டவைத்து, மேலே பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். லோடோடு வளைவில் ஏறும்போது பிளவு வாய் திறக்கும், எர்த் அறுந்து பம்ப் நிற்கும். சமதளத்துக்கு வந்ததும் மூடிக்கொள்ளும்.

எனக்கு மேலே மூட்டைகள். அந்த மூலைதான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது. என் கை கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வந்ததும் கத்தினேன்.

"எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க. எஞ்சினை ஆஃப் பண்ணு."

"ஏம்ப்பா, என்னாச்சு?"

"மொதலாளி, வண்டி ரெண்டா இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. டார்ச்சைக் கொடுத்துக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். நிமிர்ந்தவர் ரோட்டோரக் கட்டைச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வர்கீஸ் தன் ஜீப்பு ஆட்களை வைத்து மூட்டைகளைப் பாதிக்கு மேல் இறக்கினார். அதற்குள் பின்னால் லாரிகள் சேர்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

மாயாண்டி, "நான் மெதுவா உருட்டி ஓரமா விட்டுர்றேன்ணே" என்றார். வேண்டாம் என்றேன். ரோட்டை அடைத்துக்கொண்டு நிறுத்தவும் முடியாது என்றார். கடைசியில் அவர் கதவைத் திறந்தே வைத்து, ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, கல்லை எடுக்கச் சொன்னார். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் பின்னால் நகர்ந்தது. பின் சக்கரம் ரோட்டோர ஓடையில் இறங்கியது.

மலையில் பாறைக்கு வேட்டு வைத்தது போல ஒரு சத்தம். மாயாண்டி குதித்துவிட்டார். வண்டியின் நடு இடுப்பு தரையில் உட்கார்ந்தது. மூடியிருந்த கதவுகளும் தானாகத் திறந்துகொண்டன, முன் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. பின் சீட்டு மட்டும் கிணற்றுக்குள் இறங்கியது போலக் கீழே போயிருந்தது.

ஹாரன் சத்தம் நின்றுவிட்டது. பேச்சியம்மாள் அழவில்லை. தான் உட்கார்ந்திருந்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கணவரிடம், "நேத்து நம்ம மகளும் பேரப்புள்ளையும் இதுலதான மலைய விட்டு எறங்குனாங்க" என்றார். யாரோ பெருமாள்சாமிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கி மனைவியிடம் நீட்டினார்.

பிறகு

வண்டியைக் கீழே கொண்டுவந்து பிரித்தபோது வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியில் முன்பாதி நீலமாகவும் பின்பாதி பச்சையாகவும் இருந்தன. அந்த நீல வண்டியில் போனவர்கள் யார், பச்சை வண்டியில் போனவர்கள் யார், அவர்கள் பிழைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. பல வருஷம் அந்த நினைப்பு வந்து போயிற்று. பெருமாள்சாமி வீட்டார் அந்தத் தரகரைத் தேடிப் போனார்கள். அவர் வண்டி விற்கிற கொட்டகை பூட்டிக் கிடந்தது. போலீசில் எழுதிக் கொடுத்ததற்கும் பதில் வரவில்லை.

பெருமாள்சாமி கொஞ்ச நாள் மலைக்குப் பஸ்சில்தான் போனார். பிறகு ஒரு சாதாரண ஜீப்பு வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பேச்சியம்மாளும் கூடவே வந்திருந்தார். "தம்பி, மொத அடியில போய்ப் பாரு. நீ வெளிய வந்து சொன்னாத்தான் நான் கால வைப்பேன்" என்றார். முன் பம்பரிலிருந்து பின் பம்பர்வரை முதுகால் நகர்ந்து பார்த்துவிட்டு வந்து, "ஏறுங்கக்கா" என்றேன். அதற்குப் பிறகுதான் ஏறினார்.

இப்போது சொல்லவந்தது இதுதான். கஸ்டமர் சொல்கிற கம்ப்ளைண்ட்டை மட்டும் கேட்காதீர்கள். கதவு எப்படிச் சாத்துகிறது, லைட்டு எப்படி எரிகிறது என்று வண்டியில் போகிற எல்லோரிடமும் கேளுங்கள். ஒரு ஒயரைக் கட்டியதும் கோளாறு நின்றுவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம், பயப்படுங்கள். "அதான் மிஸ்ஸிங் நின்னுருச்சுல்ல, சாவியக் கொடுப்பா" என்று அவசரப்படுத்துவார்கள். "ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியட்டும், அப்புறம் தர்றேன்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.