எந்தக் கோமாகாதாகே?

சூலியா தெரு சாப்பாட்டுக் கடையில் தினமும் என் எதிரே உட்காரும் ஜப்பான்காரர், மடிப்புக் கலையாத சட்டைக்காரர். தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரைக் குடித்ததும் கிளாஸைக் கவிழ்த்து வைப்பார். கடையிலேயே கற்ற தமிழ் பேசுவார்.

ஒரு காலை, ஜப்பானின் கோமாகாதாகே மலையில் பனிச்சரிவு என்று கைப்பேசியில் செய்தி வந்தது. மகள் அங்கேதான் போயிருந்தாள். போனை எடுக்கவில்லை. அழுதுவிட்டேன்.

"எந்தக் கோமாகாதாகே, அக்கா?" என்றவர் காலி கிளாஸ்களை மலைகள் மாதிரி வரிசையாகக் கவிழ்த்தார். "எங்க நாட்டுல நிறைய மலைக்கு இதே பேருதான்லா."

செய்தியைப் படித்தார். மகள் அனுப்பியிருந்த படத்தையும் பார்த்தார். "செய்தி ஹொக்கைடோ. இந்தப் படத்துல ஏரி, கேபிள் கார். இது ஹகோனே. ரொம்பத் தூரம்லா."

சற்று நேரத்தில் மகளே கூப்பிட்டாள். "பேட்டரி போச்சும்மா!"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தபடி கிளாஸ்களை நிமிர்த்தினார், தான் தினமும் கவிழ்க்கும் ஒன்றைத் தவிர. அது எந்த மலை, அங்கே யாரை இழந்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.