தறி நின்ற நாளில் சாம்பல் அணில்

மாரிச்செல்விக்கு ஊர் சுற்றும் கிறுக்கு நாற்பத்தொன்றாம் வயதில்தான் பிடித்தது. அதுவரை அவள் கண்ட உலகம் எல்லாம் பிறந்த சோழபுரம், வாழ்க்கைப்பட்ட செட்டியார்பட்டி, துணிமணி எடுக்கப் போகும் ராஜபாளையம், அவ்வளவுதான். வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். அந்த மலையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், மழை வருகிற திசை அது என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் மலைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மகள் கல்யாணமாகிப் போகும்போது தன் பழைய ஸ்கூட்டியை அம்மாவிடம் விட்டுப் போனாள். ஒரு மாதம் முட்டியைப் பேர்த்துக்கொண்டு அதை ஓட்டக் கற்றாள் மாரிச்செல்வி. அவளுக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை ஆஃப். முதல் வெள்ளி அய்யனார் கோயில் அருவி, அடுத்த வெள்ளி ஆறாவது மைல் நீர்த்தேக்கம், அதற்கடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் என்று போக ஆரம்பித்தவள் பிறகு நிற்கவே இல்லை. எந்தக் கரையில் நாரை இறங்குகிறது, எந்த மடையின் கல்லில் பழைய எழுத்து வெட்டியிருக்கிறது என்பதெல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்டது. அவள் புருஷன் கண்ணுச்சாமி நூல் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். வெள்ளிக்கிழமை காலை வண்டிச் சத்தம் கேட்டாலே, கலெக்டரம்மா ஆய்வுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். சொல்லிவிட்டு டயரில் காற்று இருக்கிறதா என்று அவரே அமுக்கியும் பார்ப்பார்.

பார்த்ததை யாரிடமாவது சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. சொல்வதற்கு வாய்த்தவள் பிச்சையம்மாள்.

இருவரும் வேலை பார்த்தது சுப்புராஜ் என்பவரின் தறிக்கூடத்தில். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற இடம். முப்பது தறிகள் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அங்கே யாரும் குரலை எடுத்துப் பேசுவதில்லை. உதட்டை அசைப்பார்கள், விரலைக் காட்டுவார்கள், எதிராளி புரிந்துகொள்வாள். மாமியார் சண்டை, மருமகள் மசக்கை, சீரியலில் நேற்று நடந்தது, எல்லாமே சத்தமில்லாமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ச் சேரும். வெளியே வந்தால் கதை வேறு. நாளெல்லாம் இரைச்சலில் கிடந்த காது என்பதால், ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதைக்கூட ஊரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்பார்கள்.

முப்பத்தொரு வருஷம் தறியில் நின்ற பிச்சையம்மாளுக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. தறிக்கூடத்துக்குள் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. உதட்டைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வெளியில்தான் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவார்கள், அவள் விழித்துக்கொண்டு நிற்பாள். சனிக்கிழமை தோறும் எதிர்த் தறியிலிருந்து மாரிச்செல்வி உதட்டாலேயே அருவியைக் காட்டினாள், கண்மாயைக் காட்டினாள். பிச்சையம்மாள் ஒன்று விடாமல் கேட்டாள். செண்பகத்தோப்புக் காட்டில் பூனை அளவுக்குச் சாம்பல் நிற அணில் இருக்கிறது என்று சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள். பிச்சையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தான் அதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆயிற்று. இருவருக்கும் ஆஃப் வேறு வேறு நாள், சேர்ந்து போய்ப் பார்க்கத் தோதுப்படவில்லை. அதற்குள் திருப்பூரிலிருந்து பிச்சையம்மாளின் மகன் வைகுண்டராஜ், காதும் கேட்காமல் அங்கே தனியாக எதற்கு என்று சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை தன்னோடு கூட்டிப்போவதாக முடிவு செய்துவிட்டான். இதைக் கேட்ட அன்று மாரிச்செல்விக்கு தறியில் குறுக்கே நூல் இழுக்கும் நாடா ஓடியது கண்ணிலேயே படவில்லை. இனி யாரிடம் சொல்வது என்பதைவிட, பிச்சையக்கா அந்த அணிலைப் பார்க்காமலே போய்விடுவாளே என்பதுதான் அவளைப் போட்டு அறுத்தது.

அப்போதுதான் வியாழக்கிழமை மின்தடை என்று அறிவிப்பு வந்தது. மாதப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. தறிக்கூடத்துக்கே ஒரே நாளில் விடுமுறை கிடைப்பது அன்றைக்குத்தான். மாரிச்செல்வி ஒவ்வொரு தறியாகப் போய் உதட்டை அசைத்தாள். பன்னிரண்டு பேர் தலையாட்டினார்கள். அவளையும் பிச்சையம்மாளையும் சேர்த்துப் பதினான்கு. ஞானதுரையின் வேன் ஏற்பாடானது. முதலாளி சுப்புராஜ், ஐந்து மணிக்குத் தறி ஓட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அன்றைய வேனுக்குள் இருந்த கொண்டாட்டத்தைச் சொல்லி மாளாது. மார்கழி வெயில் இதமாக இருந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. வழியெல்லாம் கண்மாய்கள் கரை முட்ட நின்றன. ஒரு கரையில் வேனை நிறுத்தச் சொல்லி எல்லோரும் இறங்கினார்கள். மறுகாலில் தண்ணீர் வழிந்து விழுவதைப் பார்த்த பாண்டிசெல்வி, கூட்டத்திலேயே இளையவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள். ஆண்டாள் கோபுரம் தூரத்தில் தெரிந்ததும் பதினான்கு ஜோடிக் கைகளும் கும்பிட்டன. மடவார் வளாகத்தில் வைத்தியநாதசுவாமியிடம் பிச்சையம்மாள் தன் காதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். மேகம் கவிந்து அணில் பதுங்கிவிடக் கூடாது என்றுதான் கேட்டாளாம். நோய் தீர்க்கிற சாமியிடம் இதைப் போய்க் கேட்டாயா என்று எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள்.

செண்பகத்தோப்புக்குப் போய்ச் சேர மணி இரண்டரை. வனக் காவலர் லிங்கேஸ்வரனுக்கு மாரிச்செல்வியைத் தெரியும். ஓடைக்கரையில் புளியமரமும் மாமரமும் கிளை பின்னி நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போய், வெயில் தாழ்ந்தால் மேலே நடமாட்டம் இருக்கும், சத்தம் மட்டும் கூடாது என்றார். நாலு மணிக்கு வேன் கிளம்பியாக வேண்டும். கையில் இருந்தது ஒன்றரை மணி நேரம்.

சத்தம் போடாதே என்று தறிக்காரிகளிடம் சொன்னால் நடக்கிற காரியமா? உட்கார்ந்த பத்தாம் நிமிஷம் மேலே இலை அசைந்தது. “அந்தா!” என்று பாண்டிசெல்வி கத்திய கத்தில் ஓடைக்கு அக்கரையிலிருந்த கொக்கு எழும்பிப் போயிற்று. கால் மணி கழித்து மறுபடி கிளை ஆடியது. இந்த முறை பிச்சையம்மாள், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எங்கே எங்கே என்று கேட்டாள். அவளுடைய ரகசியம் மலையில் போய் முட்டித் திரும்பி வந்தது. ஆடிய கிளை நின்றுவிட்டது.

லிங்கேஸ்வரன் பொறுமை இழந்தார். “ஏம்மா, இப்பிடிக் கத்துனா அணிலு இல்ல, மரமே எந்திரிச்சு ஓடிரும். இனிமே இன்னைக்கு எறங்காது. கெளம்புங்க.”

அவர் சொன்னது பிச்சையம்மாளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் உதட்டைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துவிட்டது. எழுந்து சேலையைத் தட்டினாள். “என்னாலதான் எல்லாம் கெடுது. நான் வேன்ல இருக்கேன். நீங்க பாத்துட்டு வாங்க” என்று, அதையும் உரக்கச் சொல்லிவிட்டு நடந்தாள்.

 மாரிச்செல்வி யாருக்காக இத்தனை பாடுபட்டாளோ அவளே போகிறாள். மணி மூன்று பத்து. ஓடிப்போய் பிச்சையம்மாளை முன்னால் மறித்து நின்றாள். வாய் திறந்து கூப்பிட்டால் காடு கலங்கும். அதனால் தறிக்கு எதிரே நிற்பதுபோல நின்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

‘தறி ஓடுது அக்கா.’

பிச்சையம்மாள் நடையை நிறுத்தினாள். பிறகு மாரிச்செல்வி மற்றவர்கள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கி, அதையே உதட்டால் சொன்னாள். தறி ஓடுது. முப்பதும் ஓடுது. நடிக்கவோ சிரிக்கவோ யாருக்கும் தேவைப்படவில்லை. பழகிய உடம்பு தானாக அடங்கியது. ஒருத்தி உதட்டை அசைத்து எதையோ கேட்டாள், இன்னொருத்தி விரலால் பதில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பதினான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து, ஊர் வம்பு அத்தனையும் ஒரு சொட்டுச் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். லிங்கேஸ்வரன் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ கூட்டத்தை அவர் அடக்கிப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை.

நடு வட்டத்தில் பிச்சையம்மாள். ஒரு சொல்லையும் அவள் தவறவிடவில்லை. தறிக்கூடத்துக்கு வெளியே அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை. கேலிக்குப் பதில் கேலி, கண்ணைச் சிமிட்டிச் சிரிப்பு. மாரிச்செல்விக்கு அணில் வராவிட்டாலும் போகட்டும் என்றுகூட அப்போது தோன்றியது.

மணி மூன்றே முக்கால். பிச்சையம்மாள் திடீரென்று பேச்சை நிறுத்தி, ஆள்காட்டி விரலைக் கொக்கி போல வளைத்துத் தூக்கினாள். இழை அறுந்துவிட்டது என்பதற்குத் தறியில் காட்டுகிற அடையாளம் அது. ஆயிரம் நூலுக்கு நடுவே அறுந்த ஒன்றை முப்பத்தொரு வருஷம் தேடிய கண், இலைக்கு நடுவே அசையாத ஒன்றைப் பிடித்துவிட்டது. எல்லோரும் அந்த விரல் காட்டிய திசையில் பார்த்தார்கள்.

புளியமரத்து உச்சிக் கிளையில் அது உட்கார்ந்திருந்தது. உடம்பைவிட நீளமாகத் தொங்குகிற வால். நரை விழுந்த சாம்பல் முதுகு, இளஞ்சிவப்பு மூக்கு. முன்னங்கை இரண்டிலும் ஒரு புளியங்காயைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரி பீன்ஸ் ஆய்கிற நிதானத்தில் தோலை உரித்துக் கீழே போட்டது. தோல் ஒன்று பாண்டிசெல்வியின் மடியில் விழுந்தது. அவள் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். தின்று முடித்து, கிளை நுனிக்கு ஓடி, அங்கிருந்து மாமரத்துக்கு ஒரே தாவு. அந்தரத்தில் வால் விரிந்தது. பதினான்கு வாய்கள் ஆவென்று திறந்தன. ஒன்றிலிருந்தும் மூச்சு வரவில்லை.

வேனில் ஏறிய பிறகுதான் அடக்கி வைத்த சத்தம் முழுவதும் வெடித்தது. ஞானதுரை பயந்து பிரேக் போட்டார். ராஜபாளையம் தாண்டும்போது வைகுண்டராஜ் வீடியோ காலில் வந்தான். உதடு தெரிய வேண்டும் என்பதால் அம்மாவோடு அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்துவிடும், சாமான் எல்லாம் கட்டியாயிற்றா என்று கேட்டான். பிச்சையம்மாள் அவனுக்கு அணிலின் வாலை அளந்து காட்டினாள். அவன் மறுபடியும் காரைப் பற்றிக் கேட்டான்.

“காரு வேண்டாம்யா” என்றாள். “அருவி பாக்கல, டேம் பாக்கல, தாணிப்பாறை பாக்கல. இந்தக் காலு நடக்கும்போதே அம்புட்டையும் பாத்துட்டு, பொறவு வாரேன்.”

 அதெல்லாம் பார்த்து முடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று அவன் கேட்டான். பிச்சையம்மாள் மாரிச்செல்வி பக்கம் திரும்பி, “ஏட்டி மாரி, எம்புட்டு நாளாகும்?” என்றாள்.

வேனில் எல்லோரும் மாரிச்செல்வி பக்கம் திரும்பினார்கள்.  அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, குரல்தான் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

பிச்சையம்மாள் அதைப் படித்துவிட்டு போனைப் பார்த்துச் சொன்னாள்.

“ரெண்டு வருசம் ஆகுமாம்யா.”